உங்களுக்குத் தெரியுமா? – பஸ்ஸுக்குள் வீடு, வெளியே உப்புக்காற்று

மரக்காணம் உப்பளக் கரையில் பஸ்ஸையே வீடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தப் போகிறவர்களுக்கும், நிறுத்துவதாகக் கனவு மட்டும் கண்டுகொண்டிருப்பவர்களுக்கும்.

● ஓடும் வீட்டில் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று தமிழ்நாட்டில் முதலில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உப்பு வணிகர்களாகத்தான் இருக்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டி ஒன்று வருகிறது. ஆரைப்புல் வேய்ந்த கூரை. வாசலில் கோழிக்கூடு. பக்கத்தில் தொங்கும் சிறு உரல். வண்டியின் மூக்கில் கயிறு போட்டு இறுக்கிய காடிப் பானை. கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுகிறாள், ஆண்கள் பக்கவாட்டில் காவலாக நடக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள்: குடித்தனம் முழுக்க வண்டிக்கு வெளியே தொங்குகிறது. உள்ளே இருக்கும் இடம் விற்கிற சரக்குக்கு. இடிப்பது, புளித்தது, கோழி நாற்றம் எல்லாம் காற்றாட வெளியே. இன்றைக்குப் பஸ்ஸுக்குள் வீடு கட்டுகிறவர்கள் சோபாவில் தொடங்குகிறார்கள். உமணர்கள் உரலில் தொடங்கினார்கள்.

● அந்த உமணர்கள் ஒரு உதிரி அச்சும் கொண்டுபோனார்கள். மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் அதைக் கட்டி வைத்ததைப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். இடம் பார்த்தீர்களா, அடியில். பஸ்ஸை வீடாக்கும்போது ஸ்டெப்னி இருந்த இடத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, ரிம்மோடு சேர்ந்த அந்தக் கனத்தைக் கூரைக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. பஞ்சரானால் அதை இறக்க எத்தனை பேர் வேண்டும் என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை.

● சிறுபாணாற்றுப்படையின் நாயகன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதே நூலில் உமணர் வண்டியோடு கூடவே வந்த மந்தி ஒன்று, அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. ஆக, செல்லப் பிராணிக்கும் வண்டியில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது புதுச் சிக்கல் இல்லை.

● 12 மீட்டர் நீளமுள்ள இரண்டு அச்சு பஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவர் கனம் போக உள்ளே சுமார் 2.4 மீட்டர் தேறும். ஓட்டுநர் இடம், முன்னால் துருத்தும் இன்ஜின் பெட்டி இரண்டையும் கழித்தால் வாழ்வதற்குக் கிடைப்பது 250 சதுர அடி சொச்சம். அதிலும் பின்சக்கரங்களின் மேடு இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும். அந்த மேட்டை நகர்த்த முடியாது. அதனால் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை சக்கர மேடு, கதவு, அவசர வழி, பில்லர்கள். கட்டில் அப்புறம். சக்கர மேட்டின் மேல் சோபா, அலமாரி, கட்டிலின் கால்மாடு எது வேண்டுமானாலும் வரலாம். குளியலறை வந்தால் மட்டும் தினம் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாகக் குளிக்க வேண்டியிருக்கும்.

● காகிதத்தில் எல்லாமே பொருந்தும். மொட்டை மாடியில் கோலமாவால் உள்ளளவு முழுவதையும் கோடு போட்டு, குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் அதற்குள் நடந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். நடைபாதை 60 செ.மீ. என்பது ஒருவர் நடக்கப் போதும். அடுப்படியில் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் பின்னால் போக முடியுமா? ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் வழி அடைபடுகிறதா? முட்டி வலி உள்ள அம்மாவுக்கு ராத்திரியில் பிடித்துக்கொள்ள எங்கே கம்பி? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.

● சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வழியாகப் புதுச்சேரியை நோக்கிப் போகும்போது கடல் எப்போதும் இடது கைப்பக்கம். நம் பஸ்களின் கதவும் இடது பக்கம். இந்த ஒரு தற்செயலே பாதி உள்ளமைப்பைத் தீர்மானித்துவிடும். தெற்கு நோக்கி நிறுத்தினால் கதவு கிழக்கே கடலைப் பார்க்கும். காலை வெயில் உள்ளே வரும். மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸின் நிழலே வாசலில் விழும், கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்தே எழும். ஆகவே உட்காரும் இடம், சாப்பாட்டு மேசை, பெரிய ஜன்னல், சாயப்பந்தல் எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் மேற்கு. மாலை வெயில் தகரத்தில் அடிக்கும் பக்கம். அங்கே துணி அலமாரி, குளியலறை, சாமான் அறை வரட்டும், அவை வெயிலை வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜை மட்டும் அந்தச் சுவரில் வைத்துவிடாதீர்கள். சூடான சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அது ராப்பகலாக ஓடும், பேட்டரியைத் தின்னும்.

இன்னொன்று. பின்னிரவில் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மேற்குச் சுவரில் உயரத்தில் இரண்டு சின்ன ஜன்னல் இருந்தால், ஏ.சி. இல்லாமலே விடிகாலைத் தூக்கம் கிடைக்கும். இவ்வளவு திட்டமிட்டுவிட்டு வண்டியை வடக்கு நோக்கி நிறுத்தினால் எல்லாமே தலைகீழ். திருப்பி நிறுத்தும் அளவுக்கு அகலமான இடமாகப் பார்ப்பதும் உள்ளமைப்பின் ஒரு பகுதிதான்.

● உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கீழிருந்தும் ஏறும். உப்பு வாருகிறவர்களின் கண் கூசிப் போவதற்கு அந்த எதிரொளியும் ஒரு காரணம். மேலிருந்து கீழே இறங்கும் சாதாரணத் திரை இதற்குப் பாதிதான் உதவும். ஜன்னலின் அடியிலிருந்து மேலே ஏற்றிக் கட்டும் திரை போட்டால், கூசும் ஒளி மறைந்து வானம் மட்டும் தெரியும். கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முன், பின் கண்ணாடி 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடி 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி.

● உப்பு எப்போது ஆபத்தாகிறது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது. அதுவரை தகரத்தில் படிந்த உப்புத்தூள் வெறும் தூள். தாண்டியதும் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீராகிவிடும். துருப்பிடிக்கும் வேலை அங்கே தொடங்குகிறது. இந்தக் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது அன்றாடம் நடப்பது. மத்தியானம் காய்ந்து, ராத்திரி நனைந்து, மறுபடி காய்ந்து என்று தினம் ஒரு சுற்று. அதோடு உள்ளே தூங்கும் ஒவ்வொருவரும் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் கால் லிட்டர் ஈரத்தை விடுகிறார்கள். நாலு பேர் என்றால் ஒரு லிட்டர். அது போய் ஒதுங்கும் இடம் சுவர்ப் பலகைக்கும் வெளித்தகரத்துக்கும் நடுவிலுள்ள இருட்டு.

மரக்காணத்துக்கு வரும் பஸ் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: சுவரைக் கழற்ற முடியுமா? பலகைகளை ஒட்டிவிடாமல் திருகில் பூட்டியிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைக்கலாம். கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடலாம். மெத்தைக்கு அடியில் முழுப்பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் அடிக்கலாம். அலமாரிக் கதவில் ஓட்டைகள் விடலாம். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிட்டு மேலே அழகான மரத்தரை போடுகிற பஸ்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

● பலகை வாங்கும்போது கேட்க வேண்டிய எண் ஐஎஸ் 710. அது கடல் தரப் பிளைவுட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304-க்கும் 316-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. 316-இல் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால். பஸ் முழுக்க 316 போட்டால் சொத்தை விற்க வேண்டும். கீல், தாழ்ப்பாள், கூரைத் திருகு ஆகியவற்றுக்கு மட்டும் போட்டாலே போதும்.

● அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் புகுந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். அரிபடுவது அலுமினியம். இரண்டுக்கும் இடையில் ரப்பரோ சீலண்டோ பூசி ரிவிட் அடிப்பது நல்ல பாடி பில்டருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரூர் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். அந்த ஊர் தென்னிந்தியா முழுவதற்கும் பஸ் கூடு கட்டிக் கொடுக்கிற ஊர்.

● பின்சக்கரத்துக்குப் பின்னால் 3 மீட்டர் தள்ளி, 300 கிலோ எடையை ஏற்றுகிறீர்கள். சக்கரங்களின் இடைவெளி 5 மீட்டர். பின் அச்சில் கூடுவது 300 கிலோ என்றுதான் யாரும் சொல்வார்கள். கூடுவது 480. அந்த மிச்சம் 180 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. அதாவது ஸ்டியரிங் அந்த அளவுக்கு லேசாகிறது. வால் பகுதி சக்கர இடைவெளியில் 60 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது என்று விதி வைத்திருப்பதும் இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான். பின்னால் கட்டில் இருக்கலாம். கட்டிலுக்கு அடியில் பேட்டரியும் தண்ணீரும் ஜெனரேட்டரும் குவிந்துவிடக் கூடாது. கனமெல்லாம் இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையை ஒட்டி. வேலை முடிந்ததும் எடைமேடைக்குப் போய் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக எடை போட்டுப் பாருங்கள். மேடை எங்கே என்று உப்பு லாரிக்காரர்கள் காட்டிவிடுவார்கள்.

● ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 40 லிட்டர் காலி. வாளியும் குவளையும் வைத்து மொண்டு குளித்தால் 15, 20 லிட்டரில் முடியும். நிலத்தடியில் உவர் நீர் ஏறிய கரையோரத்தில் நல்ல தண்ணீரைக் காசு கொடுத்து நிரப்ப வேண்டியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். வெளிநாட்டு வரைபடங்களைப் பார்த்துக் குளியலறை போடுகிறவர்கள் இங்கேதான் இடறுவார்கள். ஷவருக்கு நிற்க இடம் போதும். மொண்டு குளிக்கக் கை வீச இடம் வேண்டும், வாளி வைக்க இடம் வேண்டும், குனிய இடம் வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இல்லாமல் முழங்கை சுவரில் இடிக்கும்.

● மூணாறில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில் பழைய பஸ்களைத் தங்குமிடமாக்கியது. ஒரு பஸ்ஸில் 16 படுக்கை, ஓர் இரவுக்கு 100 ரூபாய். எப்படி 16 அடங்கின? கழிப்பறை உள்ளே இல்லை, அது பஸ் நிலையத்தில் இருந்தது. ஒரு கழிப்பறையின் உண்மையான விலை பீங்கானும் குழாயும் இல்லை, அது விழுங்கும் படுக்கைகள்தான்.

● சமையல் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறை வாழும் இடத்தோடு தொடர்பே இல்லாமல் வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும், அதன் அடித்தட்டில் ஓட்டை இருக்க வேண்டும், கசிவு எச்சரிக்கும் கருவி தரையோரம் இருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

● ஜெர்மனியில் கேயோர்க் ஹோல்ட்ல் 1945-இல் தொடங்கிய ரோட்டல் நிறுவனத்தின் சிவப்பு வண்டிகள் சகாராவிலிருந்து இந்தியா வரை ஓடியவை. பயணிகள் தூங்குவது மூன்று அடுக்கு அறைகளில், ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல். சமையலறையோ வண்டியின் பின்புறம், வெளியே திறக்கும்படி. நம் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறில்லை என்பேன். மத்தி மீனைப் பஸ்ஸுக்குள் பொரித்தால் அந்த வாசனை தலையணையோடு திருவண்ணாமலை வரை வரும். இடதுபக்கச் சுவரில் மேலே தூக்கும் கதவு, உள்ளேயும் வெளியேயும் இழுக்கக்கூடிய அடுப்புத் தட்டு. தாளிப்பது வெளியே, காபி போடுவது உள்ளே. உமணரின் தொங்கும் உரலுக்கு இன்றைய வாரிசு மிக்ஸி. அதற்கும் வெளிப்பக்கம் ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டால் காலையில் சட்னி அரைக்கும்போது தூங்குகிறவர்கள் திட்ட மாட்டார்கள்.

● 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் மின்சாரம் இருக்கும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 600 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 4.8 யூனிட். அதாவது நாலு பேட்டரி தூங்குவதற்கு மட்டுமே. முழு பஸ்ஸையும் குளிர்விக்க நினைக்காமல், படுக்கைப் பகுதியை மட்டும் ஒரு சறுக்குக் கதவால் தடுத்துவிட்டால் ஏ.சி. பாதி நேரம் சும்மா இருக்கும். அந்தக் கதவின் விலை ஒரு பேட்டரியின் விலையைவிடக் குறைவு.

● கூரை யாருக்கு? சோலாருக்கா, ஏறி உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்கா? இரண்டுக்கும் ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறை. 540 வாட் தகடு ஒன்றே இரண்டரைச் சதுர மீட்டர் இடத்தைப் பிடிக்கும். 1982-இல் ஆந்திரத்தில் தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிய என்.டி.ராமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றி ‘சைதன்ய ரதம்’ ஆக்கியபோது, அதன் கூரையே மேடை. ஏறி நின்று பேச வேண்டும் என்ற ஒரே தேவையைச் சுற்றி வண்டி அமைந்தது. ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. உள்ளே எவ்வளவு வசதி என்பதைப் பற்றி வாக்காளர்கள் யாரும் கவலைப்படவில்லை.

● பொழுதுபோக்குக்காகவே கட்டிய முதல் கேரவன் என்று சொல்லப்படுவது ‘வாண்டரர்’. 1885-இல் பிரிஸ்டலில் கட்டப்பட்டது. சொந்தக்காரர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். 18 அடி நீளம், இரண்டு டன், இரண்டு குதிரை. கூடவே ஒரு நாய், ஒரு கிளி. வேலையாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய் வழியைச் சரிபார்ப்பார். குறுகலான கிராமத் தெருக்களில் எதிரே வேறு வண்டி வந்துவிட்டால் கதை கந்தலாகிவிடும் அல்லவா. மரக்காணத்தில் உப்பளத்துக்குள் பிரியும் மண்பாதையில் 12 மீட்டர் பஸ்ஸை விடுவதற்கு முன் யாரையாவது டூ வீலரில் அனுப்பிப் பார்க்கும் வழக்கம் இன்றைக்கும் செல்லும்.

● 1973-இல் லண்டனில் தொடங்கிய ‘டாப் டெக்’ நிறுவனம் இரட்டை மாடி பஸ்ஸில் கீழே சமையலும் உட்காரும் இடமும், மேலே படுக்கையும் வைத்துக் காத்மாண்டு வரை ஓட்டியது. நம் சாலையோரப் புளியமரங்கள் அதற்கு என்ன வரவேற்பு கொடுத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

● காக்கிநாடாப் பக்கத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடியும் இடம் மரக்காணம். உப்பும் விறகும் அந்த வழியாகவே தோணியில் சென்னைக்குப் போயின. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பது. பாரதிதாசன் 1934-இல் இந்தக் கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் போனதைத்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். உப்பு ஏற்றிய தோணியில் மனிதர்களுக்கு மிஞ்சியது சரக்கு போக இருந்த இடம். உமணர் வண்டியின் அதே நியாயம்.

● 2013 அக்டோபர் 30 அன்று, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். பஸ்ஸுக்குள் வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம். அவசர வழியை மறைத்து அலமாரி அடிப்பது, பின் கண்ணாடியைப் பலகை வைத்து மூடுவது, ஜன்னலுக்குக் கம்பி போடுவது மூன்றும் சர்வசாதாரணமாக நடக்கின்றன. படுக்கை பின்னால், அடுப்பு நடுவில், கதவு முன்னால் என்பது பெரும்பாலான வரைபடங்களின் வரிசை. தீ அடுப்பில் தொடங்கினால், தூங்குகிறவருக்கும் கதவுக்கும் நடுவில் தீ இருக்கும். படுக்கைப் பகுதியிலேயே உள்ளிருந்து திறக்கும் இரண்டாவது வழி இல்லாவிட்டால் அந்த வரைபடத்தைக் கிழித்துப் போடுங்கள். திரைத்துணி, மெத்தை, பஞ்சு எல்லாவற்றுக்கும் எளிதில் தீப்பற்றாத ரகம் கேளுங்கள். தீயணைப்பான் ஒன்று கட்டில் பக்கமும் இன்னொன்று கதவுப் பக்கமும் இருக்கட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அதை நெருங்க முடியாது.

● 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மணிக்கு 80 கி.மீ. காற்று, 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பஸ்ஸின் பக்கச் சுவரில் நேராக அடித்தால் அந்தத் தள்ளு சுமார் ஒரு டன் எடைக்குச் சமம். மேல் அலமாரிகளில் கனம் ஏற ஏற ஆட்டம் கூடும். அதனால் மேலே துணி, தலையணை. பாத்திரமும் அரிசியும் கீழே. புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே அலமாரி என்ற விவாதமே வேண்டாம், திண்டிவனம் பக்கம் ஓட்டிப் போய்விடலாம். வீட்டுக்குச் சக்கரம் வைத்ததில் ஒரு லாபம் அது.

● மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். வலசைப் பறவைகள் வரும் மாதங்களும் நாம் கேரவன் எடுக்க நினைக்கும் குளிர் மாதங்களும் ஒன்றே. பஸ்ஸின் வெளிவிளக்குகளுக்குத் தனி சுவிட்சும், ஜெனரேட்டர் இல்லாமல் ஓர் இரவு ஓட்டும் அளவுக்குப் பேட்டரியும் இருந்தால் நாரைகளுக்கும் நமக்கும் தகராறு வராது.

● உப்பளத்து வரப்பு களிமண். அதன் மேல் பஸ்ஸை ஏற்றாதீர்கள். வரப்பும் போகும், வண்டியும் இறங்கும், பாத்திக்காரர் சொல்வதைக் கேட்கவும் நேரும்.

● தமிழர்களுக்குக் ‘கேரவன்’ என்றால் நடிகர் உட்காரும் வண்டி. அதன் உள்ளமைப்பு கண்ணாடியைச் சுற்றி அமைந்தது. விளக்கு வைத்த பெரிய கண்ணாடி, எதிரே நாற்காலி, அடுத்து உடை மாற்றும் இடம், கழிப்பறை. சமையல் கிடையாது, சாப்பாடு புரொடக்‌ஷன் வண்டியில் வரும். பழைய சினிமாக் கேரவன் விலைக்கு வந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். உள்ளே இருப்பதில் பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் விலை பேசும்போதே நினைவில் வையுங்கள்.

● வாகனத் தர விதிகளின்படி ஒரு வண்டி மோட்டார் கேரவன் ஆவதற்கு நான்கு சங்கதி வேண்டும்: இருக்கையும் மேசையும், தூங்க இடம், சமைக்க வசதி, சாமான் வைக்க இடம். இவை வாழும் பகுதியில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், மேசைக்கு மட்டும் விலக்கு. இந்தியாவில் இதற்கான தரம் ஏஐஎஸ் 124. பாயை விரித்து, பம்ப் ஸ்டவ்வை வைத்துவிட்டு கேரவன் என்று பதிவு கேட்டால் நடக்காது.

● 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றது. ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனியுங்கள். பழைய பஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று பட்டறைக்கு ஓட்டிப் போவதற்கு முன் வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போவது உத்தமம். புதுச் சேஸிஸ் வாங்கி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் கேரவனாகவே கூடு கட்டிப் பதிவு செய்வது செலவு அதிகம், தலைவலி குறைவு.

● கடைசியாக, பஸ்ஸின் அளவைத் தீர்மானிப்பது உங்கள் கையிலிருக்கும் லைசென்ஸாகவும் இருக்கலாம். இலகு ரக வாகனம் என்பதற்கான எல்லை 7,500 கிலோ. அதற்குள் அடங்கும் வண்டியைக் கார் ஓட்டும் உரிமத்தோடே ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. வேனும் சில மினி பஸ்களும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். 12 மீட்டர் பஸ் வராது. பெரிய பஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் குடும்பத்தில் ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இருந்தால், படுக்கைக் கணக்கில் அவருக்கும் ஒன்று சேர்த்துப் போட்டுவிடுங்கள். கடல் பக்கத்து ஜன்னலோரமாக இருந்தால் அடிக்கடி வருவார்.